அரிசி மூட்டையும் துணிக்கொடியும்

தெலுக் இந்தான், மலேசியா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு முட்டிவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை, செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடித் தோட்டத்துப் பாதையெல்லாம் சேறு.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். படிவம் 5 இயற்பியலில் விசைகளின் சமநிலை அவளை மிரட்டுகிறது என்று எழுதியிருந்தாய். என் டியூஷன் பிள்ளைகளும் அங்கேதான் தடுமாறுகிறார்கள். கணக்கு வராததால் இல்லை. சும்மா கிடக்கும் பொருளின்மேல் விசையே கிடையாது என்று மனசுக்குள் ஒரு நம்பிக்கை. அதைக் கலைக்காமல் சூத்திரம் சொல்லிக்கொடுத்துப் பிரயோஜனமில்லை.

ஆள் எடை பார்க்கும் தராசில் 10 கிலோ அரிசி மூட்டையை வைக்கச் சொல். முள் 10-ல் நிற்கும். அப்புறம் மூட்டையின் வாயைப் பிடித்து, தராசை விட்டு எழும்பாத அளவுக்கு மெல்ல மேலே இழுக்கட்டும். முள் 8, 7, 6 என்று இறங்கும். மூட்டையோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது. விசையை நியூட்டன் என்ற அலகில் அளப்போம், கிலோவுக்கு 9.8. பூமி மூட்டையை இழுப்பது அதே 98 நியூட்டன்தான். கை 40 நியூட்டனை வாங்கிக்கொண்டால் தராசு 58 தாங்கினால் போதும், அவ்வளவுதான். மேலிருந்து அழுத்தினால் முள் 10-ஐத் தாண்டும். தாங்கும் விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் இதைப் பார்த்ததும் வாயடைத்துப் போகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது.

எவ்வளவு தாங்க வேண்டும் என்று தரைக்கு எப்படித் தெரியும்? கேட்பாள், கேட்கவும் வேண்டும். மெத்தையில் உட்கார்ந்தால் அமுங்குகிறதே, அதேபோல் சிமெண்டுத் தரையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அமுங்குகிறது. அமுங்க அமுங்க அது எதிர்த்துத் தள்ளுவதும் கூடும். மேலிருந்து அழுத்துவதும் தரை தள்ளுவதும் சமமான இடத்தில் அமுங்குவது நின்றுவிடும்.

இன்னொரு குழப்பம், எடையையும் தாங்கும் விசையையும் நியூட்டனின் மூன்றாம் விதிச் சோடியாக எழுதுவது. 1687-ல் அவர் சொன்ன வினையும் எதிர்வினையும் எப்போதும் இரண்டு வேறு பொருள்களின்மேல் செயல்படும். பூமி மூட்டையை இழுத்தால், அதற்குச் சோடி மூட்டை பூமியை இழுப்பது. தரை மூட்டையைத் தள்ளினால், அதற்குச் சோடி மூட்டை தரையைத் தள்ளுவது. எடையும் தாங்கும் விசையும் ஒரே மூட்டையின்மேல் இருப்பவை. மூட்டைக்கு முடுக்கம் இல்லாததால், அதாவது அதன் வேகம் மாறாததால்தான் அவை சமம். அதே மூட்டை லிஃப்டில் மேலே கிளம்பும் நொடியில் அந்தச் சமம் போய்விடும்.

துணிக்கொடி தொய்யக்கூடாது என்று உன் வீட்டுக்காரர் இழுத்து இழுத்துக் கட்டுவாரே, அதையும் கணக்காக்கிக் கொடு. நடுவில் ஹேங்கரில் நனைந்த ஜீன்ஸ், 2 கிலோ, எடை சுமார் 20 நியூட்டன். கயிறு இரண்டு பக்கமும் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி தொய்ந்தால் அதன் இழுவிசை 20 நியூட்டன். 5 டிகிரி மட்டும் தொய்ந்தால் 115! கயிறு கிட்டத்தட்டக் கிடையாக இழுக்கும்போது, அந்த இழுப்பில் துளிப் பங்குதான் துணியை மேலே தூக்க உதவுகிறது. துளியும் தொய்யாத கொடியில் துணி தொங்கவே முடியாது. கயிறு ஏன் அடிக்கடி அறுகிறது என்று அவருக்கும் புரியட்டும்.

படம் போடும்போது ஒரு பொருளை மட்டும் தனியே வரையச் சொல். அதை எதெல்லாம் தொடுகிறது என்று சுற்றிப் பார்த்து, தொடும் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று அம்பு போடட்டும். தொடாமலே இழுக்கும் பூமிக்கு ஒரு அம்பு. சரிவில் நிற்கும் லாரி என்றால் சாலையின் உராய்வையும் விடக்கூடாது. எண்கள் அதற்கப்புறம்தான்.

விடுமுறையில் வந்தால் எங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரத்துக்குக் கூட்டிப்போகிறேன். 1885-ல் கட்டியது, 25.5 மீட்டர் உயரம், உள்ளே தண்ணீர்த் தொட்டி. மென்மையான மண் அந்தப் பாரத்தைச் சமமாகத் தாங்கவில்லை, சாய்ந்துவிட்டது. ஆனாலும் விழவில்லை. விசைகள் சமமானால் மட்டும் போதாது, திருப்புத்திறனும், அதாவது விசைகள் பொருளைச் சுழற்றப் பார்க்கும் திறனும், சமமாக வேண்டும் என்று அங்கேயே நின்று காட்டிவிடலாம்.

விடுமுறைத் தேதி தெரிந்ததும் எழுது. மூன்று பேருக்கும் வீட்டில் இடம் இருக்கிறது. பெரியம்மா கேட்டதாக மகளிடம் சொல்.

அன்புடன்,
உன் தோழி