பெயர் கேட்டுக்கொள்ளாத உணவியல் நிபுணருக்கு நன்றி

பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா (புரத உணவில் உள்ள ஃபீனைலாலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத குறைபாடு) உள்ள நான் தாயாக விரும்புவதாகச் சொன்னபோது, வெளிநோயாளர் பிரிவில் என்னைத் தனியே அமரவைத்துப் பேசிய, பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளாத உணவியல் நிபுணருக்கு இந்த நன்றி. தாயின் இரத்தத்தில் ஃபீனைலாலனின் மிகுந்தால், குழந்தைக்கு அந்தக் குறைபாடு வராவிட்டாலும் அதன் மூளையும் இதயமும் பாதிக்கப்படலாம் என்பதையும், கருத்தரிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே அந்த அளவை லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவர் அச்சுறுத்தாமல் விளக்கினார்.

பருப்பும் தயிரும் உளுந்து சேர்ந்த இட்லியும் விலகின. ஜவ்வரிசியும், கிராம் கணக்கில் நிறுத்த காய்களும், ஃபீனைலாலனின் நீக்கிய புரத மாவும் (அதன் சுவையைப் பற்றிக் கேட்காதீர்கள்) தட்டுக்கு வந்தன. ஃபீனைலாலனின் அடங்கிய செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் சேர்த்த சர்க்கரையற்ற பானங்களையும் அவரே தடுத்தார். மசக்கையில் சாப்பிடாமல் கிடந்தால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும், அதனாலும் அளவு ஏறும் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால்தான், வாந்தி ஓயாத வாரங்களில் காத்திராமல் மருத்துவரை அழைத்தேன். பிற்பாதி மாதங்களில் குழந்தையின் வளர்ச்சிக்கே அந்த அமினோ அமிலம் செலவாகும், புரதத்தைச் சிறிது கூட்ட வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார், அவ்வாறே ஆயிற்று.

மகளுக்கு இப்போது 8 மாதம். அவளுடைய தலைச் சுற்றளவை அளக்கும் ஒவ்வொரு முறையும் உங்களை நினைத்துக்கொள்கிறேன், அம்மா.