டிராக் ரேஸ்: அமெச்சூர் வீரர்களுக்கு நேர அட்டவணையும் சமவாய்ப்பும் கோரி மனு

அனுப்புநர்:
அமெச்சூர் டிராக் ரேஸ் வீரர்கள் சார்பில் ஒரு வீரர்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
சென்னை.

பொருள்: டிராக் ரேஸ் போட்டிகளில் அமெச்சூர் வீரர்களுக்கு முறையான நேர அட்டவணையும் சமவாய்ப்பும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வாரம் முழுக்க வேலைக்குப் போய், சொந்தச் சம்பளத்தில் பைக்கைத் தயார் செய்து டிராக் ரேஸில் ஓடுகிறவர்கள் நாங்கள். சோழவரம் ஓடுதளம் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை வரை மோட்டார் பந்தயத்தில் நம் மாநிலத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடக்கத் தங்கள் ஆணையமே முன்நின்றது. அந்த அக்கறை எங்கள் பக்கமும் திரும்ப வேண்டும்.

டிராக் ரேஸ் என்பது இருவர் இருவராக நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடுவது. எங்கள் பைக்குகளுக்குப் பதினைந்து விநாடி முன்பின் ஆகும், அவ்வளவுதான். அதனால் எந்த நேரத்தில் ஓட விடுகிறார்கள் என்பதே முடிவை மாற்றிவிடும். காலைக் காற்றில் நன்றாக இழுக்கும் என்ஜின் மதிய வெயிலில் மந்தமாகிவிடும்.

நான் ஓடிய ஒரு போட்டியில் அதிகாலையிலேயே வரச் சொன்னார்கள். ஸ்க்ரூட்டினி என்ற வண்டிப் பரிசோதனை முடிந்த பிறகு எப்போது அழைப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவில் ஒரு பைக் ஓடுதளத்தில் ஆயிலைக் கொட்டிவிட்டது. சுத்தம் செய்யப் போன நேரத்தை எங்கள் பிரிவின் பயிற்சி ஓட்டத்தை ரத்து செய்துதான் ஈடுகட்டினார்கள். பெரிய டீம்களுக்குக் காலையிலேயே பயிற்சி கிடைத்திருந்தது. எங்களை உச்சிவெயிலில் வரிசையில் நிறுத்தினார்கள். லெதர் சூட்டோடு பைக்கைக் கையால் தள்ளிக்கொண்டே முன்னேறினோம். ஸ்டார்ட் செய்தால் ஏர் கூல்டு என்ஜின் ஓடுவதற்கு முன்பே சூடாகிவிடும் என்ற பயம். முதல் சுற்றில் வென்ற ஒரு தம்பியை, கிளட்ச் பிளேட் கருகிய வாடை போவதற்குள் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எதிரே நின்றவருக்கு 'பை' (போட்டியாளர் இல்லாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) கிடைத்திருந்ததால் பைக் ஆறிப்போய்த் தயாராக இருந்தது.

பயிற்சி ஓட்டம் எங்களுக்குக் கொசுறு அல்ல. முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவருக்கே வெற்றி என்பதால், தொடக்கத்தில் எரியும் பச்சை விளக்குக்குக் கால் விநாடி தாமதித்தால் வேகமான பைக்கும் தோற்கும். அந்த விளக்கு வரிசைக்கு ஒருமுறைகூடப் பழகாமல் நேராக நாக்அவுட்டில் நிற்பவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? நுழைவுக் கட்டணத்தில் மட்டும் எங்களுக்கு எந்தக் குறைவும் இல்லை.

ஆகவே அரசு நிதியோ, இடமோ, அனுமதியோ பெறும் டிராக் போட்டிகளுக்குச் சில நிபந்தனைகள் விதிக்க வேண்டுகிறோம். நேர அட்டவணை ஒரு வாரம் முன்பே வெளியாக வேண்டும். ஒரே பிரிவின் தகுதிச் சுற்று ஒரே வேளையில் நடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓடிய நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப்போடு குறைந்தது இரண்டு ஓட்டங்களாவது உறுதியாகக் கிடைக்க வேண்டும். தாமதம் ஏற்பட்டால் எல்லாப் பிரிவுகளும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். சுற்றுகளுக்கு இடையே இருவருக்கும் 20 நிமிடமாவது ஓய்வு வேண்டும். ஓட்டங்களுக்கு நேரம் கிடைக்காமல் போனால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறோம். அமெரிக்காவில் பிராக்கெட் ரேஸ் என்ற முறை உண்டு. தன் பைக் எத்தனை விநாடியில் ஓடும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாச அளவு முன்னதாகவே பச்சை விளக்கு விழும். அறிவித்ததைவிட வேகமாக ஓடினால் தோல்வி. பணம் கொட்டி என்ஜினை மாற்றியவருக்கும் சாதாரண 150 சிசி வண்டிக்காரருக்கும் இதில் சமவாய்ப்பு. இந்தப் பிரிவை இங்கும் தொடங்குமாறு போட்டி அமைப்பாளர்களுக்கும் இந்திய மோட்டார் பந்தயக் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.க்கும் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

அமெரிக்காவில் டிராக் ரேஸை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு 1951-இல் தொடங்கப்பட்டபோது, தெருவில் பந்தயம் விட்ட இளைஞர்களைப் பாதுகாப்பான களத்துக்குக் கொண்டுவருவது அதன் முக்கிய நோக்கமாக இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ரேஸ் விடுவோரைப் போலீஸார் பிடிப்பது நமக்குப் பழகிய செய்தி. களத்துக்கு வந்த இளைஞன் நாள் முழுக்கக் காத்திருந்து ஒரே ஓட்டத்தோடு வெறுத்துப் போனால், அவன் திரும்பிப் போகும் இடம் அந்தச் சாலைதான்.

அடுத்த போட்டிக் காலம் தொடங்கும் முன் அமைப்பாளர்களையும் எங்கள் பிரதிநிதிகளையும் ஒருசேர அழைத்துப் பேசி, மேற்கண்ட நிபந்தனைகளை ஆணையாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அமெச்சூர் டிராக் ரேஸ் வீரர்கள் சார்பில்
(கையொப்பம்)