அப்பாவின் சிறுநீரில் சர்க்கரை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா அனுப்பிய பரிசோதனை அறிக்கையில், சிறுநீர்ச் சர்க்கரைக்கு எதிரே நான்கு கூட்டல் குறிகளைக் கண்டு, புதிய நீரிழிவு மாத்திரையை உடனே நிறுத்தும்படி நேற்றிரவு பெர்த்திலிருந்து சொன்னாய். அப்பா குறுக்கே பேசிக்கொண்டே இருந்ததால் என்னால் விளக்க முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சிறுநீரகம் கழிவை மட்டும் பொறுக்கி வெளியேற்றுகிறது என்றுதான் என் மாணவர்களும் ஆண்டுதோறும் தேர்வில் எழுதுவார்கள். அது சரியன்று. போகிக்கு முன்பு உன் பாட்டி அலமாரியிலுள்ள அனைத்தையும் கூடத்தில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவாரே, சிறுநீரகத்தின் வழி அதுதான். இரத்த அணுக்களும் பெரும்பாலான புரதங்களும் தவிர, நீர், உப்பு, சர்க்கரை, யூரியா யாவும் முதலில் நுண்குழல்களுக்குள் வடிந்துவிடுகின்றன. ஒரு நாளில் இவ்வாறு வடிவது ஏறத்தாழ 180 லிட்டர். கழிப்பறைக்குப் போவதோ ஒன்றிரண்டு லிட்டர்தான்.

திரும்ப எடுக்கும் வேலையில் பெரும்பங்கு நுண்குழலின் முதற்பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலுக்கு உரியது. அதன் சுவர்ச்செல்கள் சோடியத்தை இடைவிடாமல் இரத்தத்தின் பக்கம் இறைத்துத் தள்ளுவதால் செல்லுக்குள் சோடியம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பக் குழலிலிருந்து நுழையும் சோடியம் தன்னோடு சர்க்கரையையும் இழுத்துவருகிறது, பின்னாலேயே நீரும் வருகிறது. வடிந்த நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே மீண்டுவிடுகிறது. சர்க்கரை ஏறக்குறைய முழுவதுமே மீள்கிறது. ஆனால் சர்க்கரையைச் சுமக்கும் புரதங்களுக்கும் ஓர் அளவு உண்டு. இரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் எஞ்சியது சிறுநீரில் வழியும். உன் தாத்தா காலத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தே நீரிழிவு என்றார்கள். நீ அஞ்சியதும் அந்தக் கணக்கில்தான்.

அப்பாவின் மாத்திரையான எம்பாகிளிஃப்ளோசின், சர்க்கரையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மீட்கும் எஸ்ஜிஎல்டி2 என்ற புரதத்தையே தடுக்கிறது. ஆகவே இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தாலும் சிறுநீரில் இருக்கத்தான் செய்யும். அந்த நான்கு குறிகளும் அவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார் என்பதற்குச் சாட்சி. பாலும் சர்க்கரையும் சேராத கோப்பி ஓ கோசோங் குடிப்பதாக அவர் சொல்வதைவிட இதை நான் நம்புகிறேன்.

நுண்குழல் எடுப்பதோடு நில்லாமல், இரத்தத்திலிருந்து சிலவற்றைக் குழலுக்குள் சுரக்கவும் செய்கிறது. பென்சிலின் அப்படி வெகுவேகமாக வெளியேறிவிடும். அது கிடைத்தற்கரியதாக இருந்த 1941இல் ஆக்ஸ்ஃபர்டில் ஒரு காவலரின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்து அவருக்கே மறுபடி செலுத்தினார்கள். நமக்கு அதைவிட முக்கியமானது பொட்டாசியம். ஆல்டோஸ்டீரோன் என்ற இயக்குநீர் தூண்ட, நுண்குழலின் கடைப்பகுதியும் சேகரிப்புக் குழலும் மிகுதியான பொட்டாசியத்தைச் சுரந்து தள்ளும். அப்பா நெடுநாளாக உண்ணும் இரத்த அழுத்த மாத்திரையான லோசார்டன் அந்தத் தூண்டலைக் குறைப்பதால், பொட்டாசியம் உடலில் தங்கிவிடக்கூடும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. தேக்கா சந்தையில் இளநீர் வேண்டும் என்று அவர் அடம்பிடிக்கும்போது நான் மறுப்பது இதனால்தான், கஞ்சத்தனத்தால் அன்று.

புதிய மாத்திரையிலும் கவனிக்கவேண்டியவை உண்டு. சர்க்கரையோடு நீரும் போவதால் அவர் போதுமான நீர் அருந்தவேண்டும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வராமல் தூய்மை பேணவேண்டும். வாந்தி கண்டு உண்ண முடியாத நாளில் அதை நிறுத்திவைத்து, பலதுறை மருந்தகத்தைக் கேட்கவேண்டும். இவற்றைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த அறிக்கையிலும் சிறுநீர்ச் சர்க்கரை இப்படியே இருக்கும். நீ பார்க்கவேண்டியவை, சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின், பொட்டாசியம் என்ற இரண்டு வரிகள். தொடக்கத்தில் கிரியேட்டினின் சற்று ஏறுவது இம்மருந்தின் இயல்பு; வெகுவாக ஏறினால் மருத்துவரிடம் நானே பேசுவேன். அப்பா சென்ற முறை அந்தப் பக்கத்தைப் படமெடுக்கவே இல்லை. இம்முறை நான் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா