வாரம் அரை லிட்டர்

அன்பு மகளுக்கு,

உடுமலையில் நானும் அம்மாவும் நலம். அங்கே மழை சற்று ஓய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாக, "வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது அப்பா, ரேடியேட்டருக்கு வாரம் அரை லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டியிருக்கிறது" என்று நீ சொன்னாய். அதன்பிறகு நீ பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓடும் அந்தச் சுற்று, மூடிய சுற்று. அடுப்பில் வைத்த ரசம்போல அது வற்றாது. பழுதில்லாத வண்டியில், ரேடியேட்டரை ஒட்டி இருக்கும் ரிசர்வ் டப்பாவில் ஓராண்டில் ஒரு விரற்கடை குறைந்தாலே அதிகம். வாரம் அரை லிட்டர் குறைகிறதென்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. நீ ஊற்ற ஊற்ற, பழுது பார்க்கும் நாளைத்தான் நாமே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம், அந்த வழியோ பெரிதாகிக்கொண்டிருக்கும். இந்த மாருதி ஜென் காரை 2003-இல் வாங்கினோம். 2018-இலும் 2023-இலும் எஃப்.சி. காட்டிப் பதிவை நீட்டித்திருக்கிறோம். இத்தனை வயதான வண்டியில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒவ்வொன்றாகக் கைவிடுவது இயல்புதான். கவனிக்காமல் ஓட்டுவதுதான் குற்றம்.

முதலில் ஊற்றுவதைப் பற்றி. நான் நிரப்பிக் கொடுத்தது, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான பச்சைக் கூலன்ட், பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்தது. அதன் மேல் வாரந்தோறும் குழாய்த் தண்ணீர் சேர்ந்தால் இந்நேரம் பெயருக்குத்தான் பச்சை இருக்கும். வால்பாறைத் தண்ணீர் நம் ஊர் போர்த் தண்ணீரைப்போல உப்புப் படிய வைக்காது என்பது உண்மைதான். ஆனால் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. நம் வண்டியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். மருந்து நீர்த்துப்போனால் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். பெட்ரோல் பங்கில் கிடைக்கிறதே என்று வேறு நிறக் கூலன்டை இதனோடு கலந்துவிடாதே. சேராத இரண்டு கலந்தால் கூழாகத் திரண்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். இன்னொன்று: கூலன்ட் நாக்குக்கு இனிக்கும், ஆனால் நஞ்சு. சிந்தியதைத் தெருநாய்கள் நக்காதபடி கழுவிவிடு.

இனி, போகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. இரவு வண்டியை நிறுத்தியதும் என்ஜினுக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வை. எந்தப் பக்கம் முன்புறம் என்று அதன் மேல் எழுதிவிடு. காலையில் இடப்பக்கம், பயணி காலடிக்கு நேர்கீழே நிறமற்ற ஈரம் இருந்தால் அது பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர், கவலை வேண்டாம். கறுப்பாகப் பிசுக்கென்று இருந்தால் ஆயில். பச்சைச் சாயல் காட்டி, விரலிடுக்கில் தேய்த்தால் வழவழத்து, முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை வந்தால் அதுதான் நாம் தேடுவது. ஆனால் அட்டை காய்ந்திருந்தாலும் நிம்மதி அடையாதே. சூடான என்ஜின் மேல் சொட்டுகிற துளி தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். அங்கே தண்ணீர் இருக்காது, அதன் தடம் இருக்கும்.

அந்தத் தடத்தைப் பகல் வெளிச்சத்தில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது தேடு. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் என்ஜினில் சேரும் வாயைப் பார். கிளிப்பின் ஓரமாக, பழைய பாட்டரி முனையில் பூப்பதுபோல வெள்ளையும் பச்சையும் கலந்த பொருக்கு தெரிந்தால் கசிவு அங்கேதான். ஹோஸை விரலால் அழுத்திப் பார். நல்ல ஹோஸ் அமுங்கி எழும்பும். கெட்டது வறட்டியைப்போல மொறுமொறுக்கும் அல்லது ஊறிப்போன இட்லியைப்போலக் குழையும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் கோரும் சேரும் மடிப்பு நெடுக விரலை ஓட்டு. வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. பம்பின் உள் சீல் தேய்ந்தால் முதலில் அந்தத் துளை வழியாகத்தான் கசியும். அதற்கென்றே வைத்தது அது. அதை எம்-சீல் வைத்து அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு. ஹீட்டர் போடும்போது முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல மங்கினாலோ, காலடி விரிப்பு ஈரமாக இருந்தாலோ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் கசிகிறது. அது பெரிய வேலை.

இத்தனையிலும் நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியேட்டர் மூடியை. காரணம் உனக்கே தெரியும், மறந்திருப்பாய். 2009-இல் மூணாறு போகும் வழியில், மறையூர் தாண்டித் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும் ஏற்றத்தில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே போனது. நான் அவசரப்பட்டு மூடியைத் திறந்தேன். என் இடது மணிக்கட்டில் இன்றும் இருக்கும் தழும்பு அன்று வாங்கியது. நீ பின்சீட்டில் அழுதுகொண்டிருந்தாய். ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்லி, ஹெட்டைக் கழற்றி மட்டம் தட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி அதற்கே போயிற்று. இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கொதிப்பு. கடைசியில் ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கும் ஒரு பெரியவர், எதையும் கழற்றாமல், மூடியைத் திருப்பி அதன் ரப்பர் வளையத்தை நகத்தால் கீறிக் காட்டினார். வெடித்துக் கிடந்தது.

அந்த மூடி செய்யும் வேலை குக்கர் வெயிட் செய்யும் வேலைதான். அதன் தலையில் 0.9 என்று பொறித்திருக்கும். அந்த அளவு அழுத்தம் சேரும்வரை அது விடாது. அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் தாங்கும். ரப்பர் போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதிலும் நீ இருப்பது 3,500 அடி உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியைத் தொடுவதற்குள் கொதித்துவிடும். போன புதிதில் சோறு வேக நேரமாகிறது என்று அம்மாவிடம் குறைப்பட்டாயே, அதே காரணம். மூடியின் நடுவில் இன்னொரு சிறு வால்வும் இருக்கிறது. என்ஜின் ஆறும்போது அது திறந்து, ரிசர்வ் டப்பாவுக்குப் போன கூலன்டைத் திரும்ப உறிஞ்ச வழிவிடும். அது ஒட்டிக்கொண்டால் டப்பாவில் அளவு சரியாக நிற்கும், ரேடியேட்டரோ காலியாகிக்கொண்டே போகும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருப்பதே அதற்கு அடையாளம். ஆகவே டப்பாவை மட்டும் பார்த்து ஊற்றாதே. என்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில் மூடியைத் திறந்து, கழுத்துவரை நிற்கிறதா என்று பார்.

அங்கே யாராவது "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் சூடே ஏறாது" என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். என்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு அது. அது இல்லாவிட்டால் அந்தக் குளிரில் என்ஜின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோலைக் குடிக்கும். கசிவை அடைக்க லாரிக்காரர்கள் மஞ்சள் தூள் போடுவதும் உண்டு. நடுக்காட்டில் வேறு வழியில்லாதபோது செய்கிற வைத்தியம் அது. நம் வண்டியில் போட்டால் ஓட்டையோடு ஹீட்டர் கோரும் சேர்ந்து அடைபடும்.

வெளியே எங்கும் தடம் இல்லையென்றால் கூலன்ட் என்ஜினுக்கு உள்ளே போய் எரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழ் வந்தால், என்ஜின் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், கேஸ்கெட்தான். ஆயில் மூடியின் உட்புறம் மட்டும் பால் காபி நுரைபோல லேசாகப் படிந்திருப்பதைக் கண்டு பயந்துவிடாதே. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், அந்த மழைக்காற்றில், அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். ஆயில் குச்சியில் ஆயிலே அந்த நிறமாக வந்தால் வண்டியைத் தொடாதே.

நான் வரும்வரை வண்டியை மலை இறக்காதே, அம்மிணி. இறங்குவது எளிது, ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறித் திரும்ப வேண்டும். மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று போதாது, ஃபேனை மட்டுமே நம்பி இருக்க வேண்டும். உள்ளூரில் ஓட்டும்போது முள் பாதியைத் தாண்டினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் திறந்து, ப்ளோயரை வேகமாக வை. கொஞ்சம் சூட்டை அது வெளியே இழுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடு. ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் சூடு தணிந்துவிட்டது என்று மகிழாதே. கூலன்ட் முழுக்கப் போய்விட்டால், அளக்கும் சென்சாருக்கே தொடத் தண்ணீர் இருக்காது. முக்கால் மணி நேரமாவது மூடியில் கை வைக்காதே. சூடான என்ஜினில் குளிர்ந்த நீரையும் ஊற்றாதே, ஹெட்டில் விரிசல் விழக்கூடும்.

வருகிற சனிக்கிழமை பொள்ளாச்சியில் முதல் பேருந்தைப் பிடித்து வருகிறேன். கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர் ஒன்றை நண்பரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் வாயில் அதைப் பொருத்தி 0.9 வரை ஏற்றி வைத்தால், என்ஜினை ஓட்டாமலே கசிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். புது மூடி, மேல் கீழ் ஹோஸ் இரண்டு, கிளிப்புகள், கூலன்ட் எல்லாம் கொண்டுவருகிறேன். அம்மா முறுக்கும் கொடுத்தனுப்புகிறாள். நீ ஒன்று மட்டும் செய்: இன்றிரவே அட்டையை விரித்துவிடு, சனிக்கிழமை நான் பார்க்கும்வரை அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா