சீட்டில்லாமல் அந்த ட்யூப்பைக் கொடுக்காதீர்கள்: எங்கள் ஊர் மருந்து வணிகர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த திங்கட்கிழமை மாலை, உங்கள் உறுப்பினர் ஒருவரின் கடையில் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்காக நின்றிருந்தேன். பத்து வயது இருக்கக்கூடிய சிறுவன் ஒருவன், பிதுக்கிச் சுருட்டிய காலிக் களிம்பு ட்யூப் ஒன்றை நீட்டி, "இதே ஒண்ணு, அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றான். யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை நாளாக என்று ஒரு கேள்வியும் எழவில்லை. கடைக்காரரின் கை பழக்கத்தில் அலமாரிக்குப் போய்த் திரும்பியது. அந்த ட்யூப்பை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அதில் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் குளோபெடசால் என்னும் கடுமையான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சைக்கொல்லி, ஓரிரு நுண்ணுயிர்க்கொல்லிகள் என எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கிளறிய கூட்டாஞ்சோறு அது. படர்தாமரையில் பூசினால் இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். தோலின் எதிர்ப்பும் சேர்ந்தே அடங்குவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். பூசுவதை நிறுத்தினால் அரிப்பு முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். அடுத்த ட்யூப் அப்படித்தான் விற்பனையாகிறது.

என் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. ஈராண்டுக்கு முன் கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்கு வட்டம் வட்டமாகக் கட்டியது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். பொருக்கின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். பூஞ்சைதான் என்று உறுதியான பின்பே மருந்து எழுதினார். கன்றைத் தனியே கட்டச் சொன்னார், தொழுவத்து மரச்சட்டங்களில் இதன் வித்துகள் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும் என்று அவற்றையும் கழுவச் சொன்னார். மனிதருக்கும் தொற்றும் என்பதால், கன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்படி எங்களை எச்சரித்தார். இரண்டு மாதத்தில் கன்றுக்குப் புதுமயிர் முளைத்துவிட்டது.

அதே சமயத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குத் தொடை இடுக்கில் அரிப்பு தொடங்கியிருந்தது. சொல்ல வெட்கப்பட்டு, தம்பியை அனுப்பிக் கடையில் ட்யூப் வாங்கினாள். எட்டு மாதம் எங்களுக்குத் தெரியாது. இரவில் விளக்கை அணைத்த பின் அடுத்த அறையிலிருந்து நகத்தால் பறண்டும் ஓசை கேட்கும். கொசு என்று நினைத்துக் கொசுவலை வாங்கிக் கொடுத்த தகப்பன் நான். உட்கார்ந்து தேர்வெழுத முடியவில்லை என்று ஒருநாள் தாயிடம் அழுதபோதுதான், தலையணைக்கடியில் ஒரு துணிப்பையில் அவள் ஒளித்து வைத்திருந்த காலி ட்யூப்புகள் வெளியே வந்தன. எண்ணினோம், பதினேழு.

வீட்டில் எல்லோரும் கன்றின்மேல் பழி போட்டார்கள். விற்றுவிடச் சொன்னாள் என் மனைவி. தோல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது மாட்டிலிருந்து வந்ததல்ல, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகை என்றார். 2020ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 'டிரைக்கோபைட்டன் இண்டோடினியே' என்று இந்தியாவின் பெயரையே சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள் என்பதையும் அவரிடம்தான் அறிந்தேன். முன்பெல்லாம் சில வாரங்களில் குணமாக்கிய டெர்பினாபின் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கு இது பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை. 2023இல் நியூயார்க்கிலும் கண்டறியப்பட்டதாம். உலகம் நம் பெயரைச் சொல்லிப் பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, பூஞ்சைக்கு இந்தப் பெருமை வாய்த்திருக்கிறது. மருந்து மாற்றி, ஐந்து மாதம் மாத்திரை விழுங்கி என் மகள் குணமானாள். ஆனால் தோல் மெலிந்து தொடையில் விழுந்த வரிகள் மறையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கன்றுக்குட்டிக்குக் கிடைத்த நிதானமான வைத்தியம் என் மகளுக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018ஆம் ஆண்டு மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பல, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச்சுக்குள் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. எச்சரிக்கை ட்யூப்பின்மேலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்கத்தான் கடையில் ஆள் இல்லை. மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது, அதற்குரியவர் எங்கிருக்கிறார் என்பது அந்தச் சட்டத்துக்கே வெளிச்சம். எங்கள் பாட்டிமார் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினார்கள். அது எத்தனை பேருக்குக் கேட்டதோ, தோலை உரித்து வரி போட்டதாக மட்டும் யாரும் சொன்னதில்லை.

பேச்சு சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும். உங்களில் பலர் நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து மருந்து கொடுப்பவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. கையில் நூறு ரூபாயோடு வருகிறவரிடம் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற உங்கள் சங்கடமும் புரிகிறது. அதனால்தான் இதைத் தனிக்கடை எதற்கும் எழுதாமல் சங்கத்துக்கு எழுதுகிறேன். ஊரில் எல்லாக் கடையும் ஒரே நாளில் மறுத்தால் பக்கத்துக் கடை என்பதே இருக்காது.

ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் சீட்டில்லாமல், குறிப்பாகச் சிறுபிள்ளைகள் கையில், கொடுக்காதீர்கள். காலி ட்யூப்பை நீட்டிக் கேட்பவரிடம், அதையே எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

உங்கள் அடுத்த கூட்டம் எந்த நாளில் என்று தெரிவித்தால், மகளின் அனுமதியோடு அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.

தங்கள் வாடிக்கையாளன்