பரிசல் துறை, படித்துறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

தலைக்கட்டு வரி கொடுத்த குடும்பங்களுக்கும், பரிசல்காரர்களுக்கும், மீன்பிடிக்கிற வீடுகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பென்னாகரம் கரையில், நம் ஊர் அம்மன் கோயிலுக்குக் கீழே, பரிசல் ஏற்றி இறக்கச் சரிவுதளமும் குளிக்கப் படிகளும் கட்ட எடுத்துக்கொண்ட வேலை முடிந்தது. வரவு செலவு கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறது. எதை, எப்படி, ஏன் கட்டினோம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

கடலோரத்தில் இருப்பதைப் போல நீட்டி ஒரு மேடை கட்டினால் என்ன என்று பலர் கேட்டார்கள். தமிழ்நாட்டுக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர். அங்கே ஒரே உயரத்தில் மேடை நிற்கலாம். இங்கே கரையே இடம் மாறுகிறது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியளவில் கிடந்த நீர்மட்டம் அந்த மாதக் கடைசிக்குள் முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. மேடை கட்டினால் ஒன்று மூழ்கும், இல்லை சேற்றுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். தண்ணீருக்குள் சுவர் நீட்டுவதும் ஆகாது. சென்னைத் துறைமுகச் சுவர் வந்தபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. இங்கே வெள்ளம் கொண்டுவரும் வண்டலும் சுவரின் ஒரு பக்கத்தில் அப்படித்தான் குவியும்.

அதனால் தரையோடு தரையாக ஒரு சரிவுதளம். 120 அடி மட்டத்திலிருந்து 95 அடி வரை, எட்டடிக்கு ஓரடி இறங்கும் சரிவு. நீளம் 200 அடி, அகலம் 12 அடி. பக்கத்தில் குளிக்கிறவர்களுக்குப் படிகள் தனியாக. ஆடி 18 கூட்டமும் பரிசலும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது.

பணம்: மூன்றில் ஒரு பங்கு ஊர்ப் பங்களிப்பு, மீதி அரசின் நமக்கு நாமே திட்டம். நீர்வளத் துறை அனுமதி கைக்கு வந்த பிறகே மண்வெட்டி எடுத்தோம்.

மட்டம் குறித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அடுத்து வேலை செய்கிறவர்களுக்கு உதவும். வரத்து குறைவான நாளில், காற்றில்லாத காலையில், தண்ணீர் தொடும் ஓரத்தில் முளை அடித்தோம். அன்று காலை 8 மணிக்கு மேட்டூரில் அறிவித்த மட்டம் எதுவோ, அதுதான் அந்த முளையின் உயரம். நீர் இறங்க இறங்க முளைகளும் இறங்கின. இடையில் வரும் உயரங்களை டியூப் லெவலில், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயில், பிடித்தோம். வெள்ள நாளில் இதைச் செய்யக் கூடாது. ஆறு வந்து சேரும் பக்கத்தில் தண்ணீர் மேட்டூரைவிட உயர்ந்து நிற்கும், கணக்கு தப்பும்.

வேலை கீழிருந்து மேலே போனது. தண்ணீர் திரும்பினால் முதலில் மூழ்குவது கீழ்ப்பகுதிதான். 95 அடியில் கருங்கல் அடிச்சுவர். அதற்கு மேல் கிராவல், 40 மி.மீ. ஜல்லி, பிறகு ஆறு அங்குல கான்கிரீட். ஜல்லிப் படுகை வீண் செலவில்லை. அணையில் நீர் வேகமாக இறங்கும்போது மண்ணுக்குள் நின்ற தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். இல்லாவிட்டால் அது மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும், தளம் அந்தரத்தில் தொங்கி உடையும். அடிச்சுவரில் ஐந்தடிக்கு ஒரு பிவிசி குழாய் விட்டது இதற்காகத்தான்.

கான்கிரீட் மொத்தம் 12 யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி), சிமெண்ட், மணல், ஜல்லி கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. பத்தடிக்கு ஒரு துண்டாக 20 துண்டுகள், இடைவெளியில் தார். ஈரமாக இருக்கும்போதே மூங்கிலை அழுத்தி அரை அங்குலப் பள்ளங்கள் போட்டோம். பாசி பிடித்தாலும் கால் வழுக்காது. சித்திரை வெயிலில் பெண்கள் சாக்கு விரித்து 14 நாள் ஈரம் காயாமல் பார்த்தார்கள். அந்தப் பெண்களின் கூலியை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்கவில்லை.

கீழிருந்து மூன்றாவது துண்டு குறுக்கே வெடித்தது. காரணம் கலவை அல்ல, அடியில் விட்டுப்போன வண்டல். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்ததை நம்பி, தோண்டியவர்கள் ஓரடியில் நிறுத்திவிட்டார்கள். கடப்பாரையை ஓங்கிக் குத்தியபோது இரண்டடி சுலபமாக இறங்கியது. உடைத்து எடுத்து, கெட்டியான சுக்கான் பாறை தட்டும் வரை தோண்டி, கிராவல் கெட்டித்து மறுபடி போட்டோம். ஒப்பந்தக்காரர் கூலியை ஏற்றுக்கொண்டார். சிமெண்ட் செலவு நம் கணக்கில் விழுந்தது. தோண்டிய பள்ளத்தைப் பார்க்காமல் ஜல்லி கொட்ட அனுமதித்தது குழுவின் தவறு.

படகு கட்ட இரும்பு வளையம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நனைந்து காய்ந்து நனைந்து சீக்கிரம் துருப்பிடிக்கும். எட்டடிக் கல் கம்பங்களை மூன்றடி புதைத்து நட்டிருக்கிறோம். கம்பம் நிற்கும் இடத்தின் மட்டம் அதிலேயே மஞ்சளில் எழுதியிருக்கிறது.

95 அடிக்குக் கீழே வேலை இல்லை. நீர்த்தேக்கத்தில் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடிப் பழைய கோயில் நந்தி வெளியே தெரிகிற அளவுக்கு வற்றினால் பழையபடி சேறுதான். அதற்குக் கையிருப்பு போதாது. ஒவ்வொரு முறை நீர் இறங்கும்போதும் வண்டலை அது ஈரமாக இருக்கையிலேயே வழித்துத் தள்ள வேண்டும், காய்ந்தால் பள்ளங்கள் அடைந்துவிடும். பரிசலுக்குத் தார் காய்ச்சுகிறவர்கள் சரிவுதளத்தில் அடுப்பு மூட்ட வேண்டாம், சூட்டில் கான்கிரீட் பொரிந்துவிடும். கோயிலுக்கு வடக்கே அதற்கென்று கல் பாவிய இடம் விட்டிருக்கிறோம்.