பஸ் ஜன்னலில் பார்த்த பாலைவனம்

அன்புள்ள வசு,

திரும்பி வந்து நாலு நாள் ஆகிறது, ஷூவைத் தட்டினால் இன்னும் மணல் உதிர்கிறது. உன் மெயில் நாங்கள் பிகானேரில் இருந்தபோதே வந்துவிட்டது, ஆனால் ராத்திரி அறைக்குள் நுழைந்தால் காலையில் எழுப்புகிற போன் வரும் வரை அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம், பதில் எழுத ஏது தெம்பு. "ராஜஸ்தான் பஸ் டூர் எப்படி, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் போகலாமா, ஒரே வரியில் சொல்" என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் இத்தனை வருஷமாக உனக்கு முழ நீளக் கடிதங்கள் ஏன் எழுதுகிறேன்? போகலாம். கோட்டைப் படிகளை நம்பிப் போகாதே, ஜன்னல் சீட்டை நம்பிப் போ. அதுதான் பதில், மீதியைச் சாவகாசமாகப் படி.

பஸ்ஸில் 31 பேர், பத்து நாள். ஜெய்ப்பூர், பிகானேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், கடைசியில் உதய்ப்பூர். ஏறின அன்றே மேனேஜர் இரண்டு சட்டம் சொன்னார். ஒன்று "ஆறு-ஏழு-எட்டு": ஆறு மணிக்கு எழுப்புவார்கள், ஏழுக்கு டிபன், எட்டுக்கு வண்டி கிளம்பிவிடும். இன்னொன்று, தினமும் எல்லாரும் இரண்டு வரிசை பின்னால் நகர வேண்டும், கடைசி வரிசைக்காரர்கள் முன்னால் வந்துவிடுவார்கள். முதல் சட்டத்துக்கு எல்லாரும் பயந்தோம். இரண்டாவதை ஒரு தம்பதி மட்டும் கடைசி வரை கண்டுகொள்ளவே இல்லை, பின்னால் உட்கார்ந்தால் அந்த அம்மாவுக்கு வாந்தி வருமாம். வண்டி நின்ற இடத்திலெல்லாம் அவர் கச்சோரி வாங்கிச் சாப்பிட்டதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஜெய்ப்பூரில் ஹவா மஹாலை எதிர்ப்பக்கம் ரோட்டில் நின்று பத்து நிமிஷம் பார்த்தோம். 1799-ல் கட்டியது, 953 ஜன்னல் என்று கைடு ஒப்பித்தார், எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள், விசில் ஊதியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது ஜந்தர் மந்தர்தான். அந்த நகரத்தையே 1727-ல் கோடு போட்டுக் கட்டின சவாய் ஜெய் சிங்தான் இதையும் கட்டினார். அங்கே இருக்கிற பெரிய சூரியக் கடிகாரம் 27 மீட்டர் உயரம், அவ்வளவு பெரிதாக இருப்பதால் அதன் நிழல் ஒரு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது, அதாவது கண்ணெதிரே நகர்கிறது! நிழல் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன், கொஞ்ச நேரத்தில் விரல் முழுக்க நிழலுக்குள் போய்விட்டது. என் வாட்சில் 11:20, சூரியக் கடிகாரத்தில் 10:40. தப்பாகக் கட்டிவிட்டார்களோ என்று பார்த்தால், தப்பு நம்முடையதுதான். நம் நாட்டு நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்துப் போட்டது, ஜெய்ப்பூர் அதற்கு நன்றாக மேற்கே இருக்கிறது, அதனாலேயே 27 நிமிஷம் பின்னால், ஜனவரி கடைசியில் சூரியன் தன் பங்குக்கு இன்னும் 13 நிமிஷம் சுணங்குகிறது. ஜியாகிரபி கிளாஸில் நாம் இதையெல்லாம் படித்தோம் வசு, பரீட்சைக்கு எழுதினோம், அறுபது வயதில்தான் புரிகிறது.

இதற்குக் கொடுத்த நேரம் 40 நிமிஷம். அடுத்து ஒரு துணிக்கடைக்குள் எங்களை இறக்கிவிட்டு அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம். அச்சுக் கட்டையால் ஒரு யானையை நம் முன்னால் அடித்துக் காட்டுவார்கள், டீ கொடுப்பார்கள், அப்புறம் மாடிக்குக் கூட்டிப்போய்ப் போர்வையைப் பிரிக்க ஆரம்பிப்பார்கள். எந்த டூரில் போனாலும் இது இருக்கும் போல, நாம் வாங்குவதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது சிதம்பர ரகசியம். நான் வாங்க மாட்டேன் என்று சபதம் எடுத்து இரண்டு போர்வை வாங்கினேன்.

சரி, அதை விடு. நான் சொல்ல வந்தது ஜெய்ப்பூரை விட்டுக் கிளம்பின பிறகு. பிகானேருக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர், பஸ்ஸில் அந்தாட்சரி ஆரம்பித்துவிட்டார்கள், நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். நீயும் நானும் மேப்பில் தார் பாலைவனத்துக்குப் பழுப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கலர் அடித்தோமே, அப்படி எதுவும் அங்கே வரவில்லை. வயல், முள்வேலி, ஆட்டு மந்தை, கொஞ்சம் மணல், திரும்ப வயல். எப்போது பாலைவனம் வரும் என்று முன்சீட்டுப் பையன் அரை மணிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்று மணி நேரமாக அதற்குள்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று டிரைவர் சிரித்தார். உலகத்துப் பாலைவனங்களிலேயே மக்கள் நெருக்கமாக வாழ்கிற இடங்களில் தார் ஒன்று, அது ஜன்னலில் பார்த்தால்தான் புரிகிறது.

வயல் நடுவில் எல்லாம் ஒரு மரம். கிளைகளை வெட்டி மொட்டையாக விட்டிருந்தார்கள், கை விரலைக் கூட்டி மேலே நீட்டின மாதிரி. கேஜ்ரி என்றார் டிரைவர். எங்கேயோ பார்த்த இலையாக இருக்கிறதே என்று யோசித்து யோசித்து, டீ குடிக்க இறங்கின இடத்தில் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். வன்னி மரம்! நாம் கோவில் பிராகாரத்தில் மஞ்சள் துணி கட்டிச் சுற்றுகிற அதே வன்னி. அங்கே அது சாமி மட்டும் இல்லை, சாப்பாடும் அதுதான். குளிர்காலத்தில் கிளையைக் கழித்து ஆடு ஒட்டகத்துக்குப் போடுகிறார்கள், அதன் பிஞ்சுக் காயைக் காயவைத்துச் சாங்ரி என்று சமைக்கிறார்கள், அதன் அடியில் கம்புப் பயிர் நன்றாக வருமாம், அதனால் யாரும் வயலிலிருந்து அதைப் பிடுங்குவதில்லை. ராஜஸ்தானின் மாநில மரமே இதுதான். 1730-ல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி என்ற ஊரில் அரண்மனைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும் என்று ராஜாவின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவரோடு சேர்த்து பிஷ்னோய் என்கிற சமூகத்து ஜனங்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அந்த ஊர் எங்கள் நிரலில் இல்லை. கேட்டேன், "அங்கே பார்க்க ஒன்றும் இல்லை மேடம், மரம்தான் இருக்கும்" என்றார் மேனேஜர்.

இன்னொன்றும் பார்த்தேன், முதலில் ஏதோ சமாதி என்று நினைத்தேன். தரையோடு தரையாக வட்டமாக ஒரு மூடி, சுற்றிலும் மண்ணைச் சாய்வாக இறுக்கித் தட்டு மாதிரி வைத்திருக்கிறார்கள். டாங்கா என்று பேர், மழைத்தண்ணீர் தொட்டி. வருஷத்தில் பெய்கிற நாலு மழை அந்தத் தட்டில் விழுந்து வழிந்து நடுவிலிருக்கிற தொட்டிக்குள் இறங்கும், அதை மாசக்கணக்கில் குடிப்பார்கள். தள்ளித் தள்ளி வந்துகொண்டே இருந்தது, கொஞ்ச நேரத்தில் நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் வழியில் பலோதியில் டீ. 2016 மே மாதம் 51 டிகிரி வெயில் அடித்து இந்தியாவிலேயே அதிகம் என்று பேப்பரில் வந்த ஊர் அதுதான், நாங்கள் அங்கே ஷாலைப் போர்த்திக்கொண்டு நடுங்கினோம். பக்கத்திலேயே கீச்சன் என்று ஒரு கிராமம், குளிர்காலத்தில் மத்திய ஆசியாப் பக்கத்திலிருந்து குர்ஜா என்கிற சாம்பல் நிறக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குமாம், ஊர்க்காரர்களே தானியம் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். டீக்கடை வாசலில் நின்றபோது தலைக்கு மேல் ஒரு கூட்டம் வட்டம் அடித்தது, தொண்டையில் ஏதோ உருளுகிற மாதிரிச் சத்தம். அஞ்சு கிலோமீட்டர்தானே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நாலு பேர் கேட்டோம். நிரலில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அடுத்த ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

ஜெய்சல்மேர் கோட்டை அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். 1156-ல் கட்டினது, சாயங்கால வெயிலில் கல்லெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி. மற்ற கோட்டையெல்லாம் மியூசியம், இதற்குள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி காய்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைக்கு வந்த ஆபத்து என்ன தெரியுமா, தண்ணீர்! குடத்தில் சுமந்து குடித்த காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. குழாய் வந்தது, ஹோட்டல் வந்தது, பாத்ரூம்கள் வந்தன, கழிவுநீர் ஒழுங்காக வெளியே போக வழியில்லாமல் மலைக்குள் இறங்கி அடியிலிருக்கிற மெத்துக் கல்லை ஊற வைத்துவிட்டது, கொத்தளங்கள் சில சரிந்தே விட்டன. எண்ணூறு வருஷம் எதிரிகளையும் வறட்சியையும் பார்த்துவிட்டு ஷவரில் கரைவதா என்று எனக்கு மனசே ஆறவில்லை. நாங்கள் தங்கினது கோட்டைக்கு வெளியே, அந்த மட்டும் நிம்மதி.

மறுநாள் போன குல்தாராவைப் பற்றி யூடியூபில் பேய்க்கதை நிறையப் பார்த்திருப்பாய். பாலிவால் பிராமணர்கள் ஒரே ராத்திரியில் விட்டுப்போன ஊர், திவானின் தொல்லை தாங்காமல் சாபம் விட்டுப் போனார்கள் என்று கைடு குரலைத் தாழ்த்திச் சொன்னார். கிணறு வற்றினதும் வரி ஏறினதும் காரணமாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு, எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. இந்த ஜனங்கள் மண்கரை போட்டுச் சரிவில் ஓடுகிற மழையை நிறுத்தி, அது ஊறின ஈரத்திலேயே கோதுமை விளைவித்தவர்கள், காடீன் என்று பேர். பாலைவனத்தில் கோதுமை! அதைக் கைடு ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேய்க்குத்தான் மவுசு.

சாம் மணல்மேடு வந்ததும் பஸ்ஸில் கைதட்டல், முன்சீட்டுப் பையனுக்கு ஒருவழியாகப் பாலைவனம் வந்துவிட்டது. ஒட்டகம் எழுந்திருக்கும்போது பின்காலைத்தான் முதலில் தூக்கும், நாம் முன்னால் குப்புறச் சாய்வோம், அப்போது பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் கச்சோரி அம்மா போட்ட கூச்சலில் ஒட்டகமே பயந்துபோயிற்று. உன் முழங்காலுக்கு ஒட்டகம் வேண்டாம். ராத்திரி கூடாரத்தில் மாங்கணியார் என்கிற பரம்பரைப் பாட்டுக்காரர்களின் பாட்டு, கமைச்சா என்கிற தந்தி வாத்தியத்தை வில்லால் இழுத்து ஒரு பெரியவர் பாடினார் பார், பாஷை தெரியாமலே எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. முக்கால் மணி நேரத்தில் அவரை எழுப்பிவிட்டு டிஜே போட்டார்கள், ஒரு மைல் தூரத்துக்கு ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் ஒரே குத்துப்பாட்டு. இதே பக்கத்துப் புல்வெளியில்தான் கானமயில் என்கிற பெரிய பறவை இருக்கிறது, மொத்தமே 150-க்கும் குறைவு என்கிறார்கள். எனக்கு அது கண்ணில் படவில்லை, அது மோதிச் சாகிற மின்கம்பிகளும் காற்றாலைகளும் வழியெல்லாம் கண்ணில் பட்டன.

ஜோத்பூரில் மெஹரான்கர் கோட்டைக்கு லிப்ட் இருக்கிறது, உனக்குக் கவலையில்லை. பல்லக்குகளையும் தொட்டில்களையும் பார்த்துவிட்டு நான் நைசாக நழுவிக் கீழே இருக்கிற ராவ் ஜோதா பூங்காவுக்குப் போய்விட்டேன். கோட்டையைச் சுற்றி வெறும் பாறை, அது முழுக்கச் சீமைக் கருவேலம் பிடித்துக் கிடந்ததாம், நம் தலைவலி அங்கேயும் உண்டு. வெட்டினால் திரும்ப முளைக்கும், வேர் பாறைக்குள் இருப்பதால் தோண்டவும் முடியாது. 2006-ல் பிரதீப் கிருஷன் என்பவர் பொறுப்பில் வேலையை ஆரம்பித்து, கல்லுடைக்கிற ஆட்களை வைத்து உளியும் சுத்தியலுமாகப் பாறையைக் குடைந்து வேரோடு எடுத்து, அந்தக் குழியிலேயே பாலைவனச் செடிகளை நட்டிருக்கிறார்கள், 70 ஹெக்டேர். கள்ளி வகைச் செடி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸை 12 நிமிஷம் காக்க வைத்துவிட்டேன். 30 பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்றிலிருந்து கச்சோரி அம்மாவைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ரணக்பூர் ஜைனக் கோவிலில் 1444 பளிங்குத் தூண் என்கிறார்கள், உதய்ப்பூரில் ஏரியும் படகும், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் எனக்கு அரண்மனை திகட்டிவிட்டது, போட்டோவில் எது எந்த ஊர் ஜன்னல் என்று இப்போது சண்டை நடக்கிறது வீட்டில்.

நீ போவதாக இருந்தால் ஜனவரியில் போ, ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள், பணம் கட்டுவதற்கு முன்னால் கடைக்கு எத்தனை மணி நேரம் என்று நிரலில் எழுதித் தரச் சொல். ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுது, பிசியோதெரபி செய்கிற அந்த ஆறு வாரம் யார் கூட இருப்பார்கள் என்றும் எழுது, யாரும் இல்லையென்றால் நான் வருகிறேன், நிஜமாகத்தான் சொல்கிறேன். அரை கிலோ சாங்ரி வாங்கி வந்திருக்கிறேன், பாதியைக் கூரியரில் போட்டுவிட்டேன். காய்ந்த குச்சி மாதிரி இருக்கும், குப்பை என்று கொட்டிவிடாதே, ராத்திரியே ஊறப் போடு.

உன்,
ராஜி